பன்னிரண்டாவது வாக்கியம்

சாக்ரடீஸ் கொஞ்சம் பொறுமையாக இருந்து, ஒரு இரண்டாயிரத்து நானூறு வருஷம் தள்ளிப் பிறந்து, கிப்செலிப் பேட்டையில் நான்காவது மாடியில் குடியிருக்கும் பொலிக்ஸேனி வ்ரெத்தூவின் கையில் சிக்கியிருந்தால், அவருக்கு விஷம் காய்ச்சுகிற வேலை ஏதென்ஸ் நகரத்துக்கு மிச்சமாகியிருக்கும். மூன்றே கேள்வி. மனிதர் தாடியை மழித்துக்கொண்டு பிரேயஸ் துறைமுகத்தில் மீன் விற்கப் போயிருப்பார். எழுத விஷயம் கிடைக்காமல் பிளேட்டோ மல்யுத்தத்துக்குத் திரும்பியிருப்பார். உலகத்தில் இதுவரை பிறந்த ஞானிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, பொலிக்ஸேனி அம்மாளின் ஒற்றைச் செருப்பை மறு தட்டில் வைத்தால், செருப்பு வைத்த தட்டுதான் தரையைத் தொடும்.

செருப்பைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வருஷத்துக்கு நாலு ஜோடி தேய்ப்பவர் அவர். உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது. முன்னறை ஜன்னலிலிருந்து சமையலறை வரை பதினேழு அடி, அங்கிருந்து திரும்பப் பதினேழு அடி, நாள் முழுக்க. கீழே மூன்றாவது மாடியில் குடியிருக்கும் மரியாந்திக்கு அந்த நடைதான் கடிகாரம். நடை வேகமாக இருந்தால், கட்டடத்தில் எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடும் பொலிக்ஸேனி யாருடனோ சண்டை போடுகிறார் என்று அர்த்தம். எதிராளி பெரும்பாலும் செத்து ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆனவராக இருப்பார். நடை நின்றுபோனால்தான் மரியாந்தி பதறுவாள். தக்காளிக்குள் அரிசியை அடைத்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு மகனை மேலே விரட்டுவாள், ஆள் இருக்கிறாரா பார்த்துவிட்டு வா என்று.

மகன் பெயர் அனெஸ்திஸ். பழைய கிரேக்கப் பாடத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, இப்போது தொழிற்பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் படிப்பவன். அதையும் பாதி நாள்தான் படிக்கிறான். மீதி நாளில், வாசல் அழைப்புமணிப் பலகையில் பல் டாக்டரின் பெயரையும் ஓய்வுபெற்ற நீதிபதியின் பெயரையும் மாற்றி ஒட்டிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நீதிபதி எப்படி வரவேற்கிறார் என்று மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். லிஃப்ட் கெட்டுப்போன மாதத்தில் அதன் கதவில் ஒரு தாள் ஒட்டினான். "படி ஏறுகிறவனே தனக்குக் கால் உண்டு என்று அறிகிறான்" என்று எழுதி, கீழே ஏதோ ஒரு பழைய தத்துவவாதியின் பெயரைப் போட்டான். ஏழு வீட்டுக்காரர்களும் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு ஏறினார்கள். சாயங்காலம் பார்த்தால், தாளின் அடியில் பென்சிலால் பொடி எழுத்தில், "எந்த நூல், எந்தப் பக்கம்?" என்று இருந்தது. இவன் அடுத்த நாள், "வாய்மொழி" என்று எழுதினான். அதற்கும் கீழே, "யார் வாய்?" என்று வந்தது. தாளில் இடம் தீர்கிறவரை இது நடந்தது. கடைசியில் தோற்றது இவன்தான். நான்காவது மாடிக் கதவைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போனவனுக்கு ஒரு துண்டு தர்பூசணி கிடைத்தது. அப்படிப் பழக்கமானவர்கள் இருவரும்.

பொலிக்ஸேனி பிறந்தது அக்ரீனியோவில். அம்மா புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரிப்பவள், அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். பன்னிரண்டு வயதில் வகுப்பில் ஒரு ஆசிரியர், இன்ன ஞானி இப்படிச் சொன்னார் என்று கரும்பலகையில் எழுதிப் போட, நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இவள் மட்டும் கையைத் தூக்கி, அவர் அதைச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ராணுவத் தளபதிகள் நாட்டை ஆண்ட காலம் அது. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் வீட்டிலிருந்து ஆளை வரவழைப்பார்கள். அப்பா டிக்கெட் பையைத் தோளில் போட்டபடியே வந்தார். தலைமையாசிரியர் அரை மணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி முடித்ததும், அப்பா சொன்ன பதிலை டீச்சரம்மா இன்றைக்கும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்: "அவ கேட்டதுக்குப் பதில் இருந்தா சொல்லிருங்க சார். பஸ் கிளம்பணும்."

பதில் இல்லை. அந்தக் கேள்வியே பிழைப்பாகிவிட்டது. பழைய ஞானிகள் எழுதிய புத்தகங்களில் முக்கால்வாசி எலிக்கும் தீக்கும் கடலுக்கும் போய்விட்டன. மிஞ்சியது, அவர் இப்படிச் சொன்னார் என்று இன்னொருவர் சொன்னதாக மூன்றாமவர் எழுதி வைத்ததுதான். அந்த மூன்று பேரில் யார் புளுகர் என்று கண்டுபிடிப்பதுதான் பொலிக்ஸேனியின் உத்தியோகம். அவர் வீட்டுச் சுவர் முழுக்கச் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். மூன்று வகை: "ஆமாம்", "இல்லை", "யார் சொன்னது". முதல் வகை இரண்டு பெட்டி. கடைசி வகை கூரை வரை.

கல்யாணம் ஒன்று நடக்க இருந்தது. மாப்பிள்ளை பத்திரம் பதிகிறவர், நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைத் தவிர வேறு ஆசையில்லாதவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுத்துப் பார்த்தார். நான்காவது வாரம், தனக்குப் பெண்டாட்டி வேண்டும், வீட்டுக்குள் காற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையும் டீச்சரம்மா நடந்துகொண்டேதான் சொல்வார்.

அவருக்கென்று வாய்த்த ஞானி கல்லிதேமோஸ். ஆண்ட்ரோஸ் தீவுக்காரர். எழுதியதெல்லாம் தொலைந்து, பதினோரு வாக்கியம் மட்டும் மிச்சம். அவையும் அவரைத் திட்டியவர்கள் திட்டுவதற்காக எடுத்துக் காட்டியவை. சவசவ என்று இருக்கும். ஆசையைக் குறை, மனத்தை அடக்கு, நிம்மதியாக இரு. இதை அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆளை வைத்துக்கொண்டு யாரும் பெரிய ஆராய்ச்சிக்காரராக முடியாது.

முப்பத்தொரு வயதில், ஒரு மடத்துச் சுவடியின் புகைப்படச் சுருளை நூலகத்தில் உருட்டிக்கொண்டிருந்தபோது, பொலிக்ஸேனி பன்னிரண்டாவது வாக்கியத்தைக் கண்டார். தலைப்பில் தெளிவாகக் கல்லிதேமோஸ் என்ற பெயர். அடியில்: "மனம் அடங்கிய ஒருவனைக் காட்டுங்கள் என்றேன். கல்லறைக்கு அழைத்துப் போனார்கள்."

அன்றைக்கு அவர் வீட்டுக்கு பஸ்ஸில் போகவில்லை. நடந்தே போனார், வீட்டைத் தாண்டியும் நடந்தார். இந்த ஒரு வாக்கியம் மற்றப் பதினொன்றையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. அந்த ஆள் நிம்மதியைப் போதிக்கவில்லை, போதித்தவர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். ஊரெல்லாம் அடங்கு அடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அடங்காமல் இருப்பதுதான் உயிரோடு இருப்பது என்று சொன்ன ஒரே ஒருவர். பொலிக்ஸேனிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு அப்பால் ஒரு சொந்தக்காரர் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வாக்கியத்தைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அடுத்த முப்பத்தாறு வருஷமும் அதைச் சுற்றியே நடந்து நானூறு பக்கப் புத்தகம் ஒன்று எழுதினார்.

ஆனால் சுவடியை அவர் பார்த்ததில்லை. அது இருப்பது, துறவிகள் மட்டுமே வாழும் கடலோரப் புனித மலையில். ஆயிரம் வருஷமாகப் பெண்கள் காலடி வைக்கக்கூடாத இடம். கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப் படகில் நின்று கோபுரங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தப் படகில் அவர் ஏழு தடவை போயிருக்கிறார். மற்றபடி அவருக்குக் கிடைத்தது யாரோ ஒருவர் எப்போதோ எடுத்த புகைப்படம். எடுத்தவர் எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று நெருங்கி எடுத்திருக்கிறார். பக்கத்தின் இடது ஓரம் படத்தில் விழவில்லை.

ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வர அவர் மூன்று ஆண்களை அனுப்பினார். முதலாமவர் இறையியல் பேராசிரியர். போய்விட்டு வந்து மடத்து ஒயினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இரண்டாவது ஆள் சுங்கத்துறையில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன். நூலகச் சாவியை வைத்திருந்த துறவி பல் பிடுங்கத் தெசலோனிகி போயிருந்தார். மூன்றாமவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதினார். படகில் வாந்தி எடுத்து அவர் கரையிலேயே இறங்கவில்லை என்பது நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு டீச்சரம்மா யாரையும் அனுப்பவில்லை. ஓரத்தைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

இந்த வருஷம் ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. கிளேயார்கோஸ் தூரோஸ் என்று ஒரு இளைஞர், பொலிக்ஸேனியிடமே படித்தவர், இப்போது வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவர். மரியாதையான கடிதம், அதுதான் மோசம். பன்னிரண்டாவது வாக்கியம் மட்டும் மற்றப் பதினொன்றோடு ஒட்டவில்லை என்று தனக்கு வெகுநாளாகத் தோன்றுகிறது, அந்தப் பக்கத்தின் ஓரத்தை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, தான் அக்டோபரில் மலைக்குப் போகப்போவதால் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். புத்தகத்தின் அச்சுப்படி அப்போது டீச்சரம்மாவின் மேசைமேல் இருந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வாக்கியம் கல்லிதேமோஸுடையது இல்லை என்றால், நானூறு பக்கத்தில் மிஞ்சுவது அட்டையும் நன்றியுரையும்தான்.

மூன்றாவது மாடிக் கூரைக்கு மேல் நடை ஓயவே இல்லை. மரியாந்தி சாதத்தை அடிபிடிக்க விட்டாள். ஜூலை முழுக்கப் பதினேழு அடி, திரும்பப் பதினேழு அடி. நடுவில் எங்கோ நிற்கும். ஜன்னல் பக்கம் நிற்கிறாரா, அச்சுப்படிப் பக்கம் நிற்கிறாரா என்று அனெஸ்திஸ் படுத்தபடி கணக்குப் போடுவான். பிறகு மறுபடி கிளம்பும்.

ஆகஸ்ட் முதல் வாரம் அவனை மேலே கூப்பிட்டார். அவனுக்குப் பதினெட்டு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மலைக்குத் தனியாகப் போகலாம்.

"பழைய கிரேக்கத்துல எத்தனை மார்க்கு வாங்கின?"

"இருபதுக்கு நாலு. அதுக்கு முந்தி மூணு."

"முன்னேற்றம் இருக்கே." அவர் சுவடிப் புகைப்படத்தை அவன் முன் போட்டார். "இதைப் படி."

அவன் குனிந்து பார்த்தான். எறும்பு மையில் விழுந்து எழுந்து ஓடியது போல் இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"சுத்தம். உன்னைத்தான் அனுப்பணும்," என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தான். அவர் கிண்டல் செய்யவில்லை. நடந்துகொண்டே விளக்கினார். அந்தக் காலத்தில் சுவடி பார்த்து எழுதியவர்களில் படித்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். புரியாத இடத்தில் தமக்குத் தோன்றியதை எழுதிவிடுவார்கள். ஒன்றும் புரியாதவன் கோணல்மாணலாக இருந்தாலும் இருப்பதை அப்படியே வரைந்து வைப்பான்.

"படிச்சவன் கண்ணு இருக்கறதைப் பார்க்காதுடா. இருக்கணும்னு நெனைக்கறதைப் பார்க்கும். அதுவும் என் மேல மரியாதை இருக்கறவனா போனான்னா கேக்கவே வேண்டாம். எனக்கு மக்கும் வேணும், மரியாதை இல்லாதவனும் வேணும்."

"எங்கம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க டீச்சரம்மா. ஆனா இவ்வளவு சந்தோஷமா சொல்ல மாட்டாங்க."

மரியாந்திக்கு வேறு கவலை. மடத்துக்காரர்கள் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு தாடி வளர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்றாள். மூன்றாம் நாள் அவர்களே கையெடுத்துக் கும்பிட்டுப் படகேற்றிவிடுவார்கள் என்று டீச்சரம்மா உத்தரவாதம் கொடுத்தார். நூலகத்துக்குள் போனைக் கொண்டுபோகக்கூடாது, பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். எழுத்தை வரை, புழு அரித்த ஓட்டையை வரை, கறை இருக்கிற இடத்தில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துக் காட்டு, ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் விடாதே. இதை அவர் பஸ் நிலையம் வரை சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் நகர்ந்த பிறகும் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நடந்தார்.

மலையில் மடத்து நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் தோசிதேயோஸ் என்ற கிழத் துறவி. முன்பு கப்பலில் தந்தியடித்தவராம். இப்போதும் பேசும்போது விரல் மேசையில் தட்டிக்கொண்டிருக்கும். எதற்காக வந்தாய் என்று கேட்டதற்கு அனெஸ்திஸ், ஒரு ஓரத்தைப் பார்க்க வந்தேன் என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சுவடியைக் கொண்டுவந்து, முரட்டுப் பலகை மேசையில் துணி மூட்டை போல் மெதுவாக இறக்கினார்.

புகைப்படத்தில் எறும்பாகத் தெரிந்தது இங்கே செம்பழுப்பு மையில் உயிரோடு இருந்தது. இடது ஓரத்தில், டீச்சரம்மா முப்பத்தாறு வருஷம் பார்க்காத இடத்தில், வேறு கையெழுத்தில் ஐந்து குட்டி வரிகள்.

அவன் வரைந்தான். நாலு மணி நேரம். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவன் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. அந்த ஐந்து வரிகளையும் வரைந்து முடித்து விரலைச் சொடுக்கியபோது, துறவி தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, எதை வரைந்திருக்கிறாய் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் இருப்பதற்காகத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றான் அனெஸ்திஸ். கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த ஐந்து வரியையும் இந்தக் காலத்துப் பேச்சில் படித்துச் சொன்னார்:

"பையன் லேயோன் எழுதியது. கல்லிதேமோஸ் பேசினால் எப்படிப் பேசுவாரோ அப்படி ஒன்று எழுதி வா என்று சொல்லியிருந்தேன். கெட்டிக்காரன். நேற்று அடித்திருக்க வேண்டாம்."

பழைய பள்ளிக்கூடங்களில் அதுதான் பாடமாம். இன்ன ஞானியாக இருந்து பேசு, இன்ன ராஜாவாக இருந்து அழு என்று வாத்தியார் சொல்வார், பையன்கள் எழுதுவார்கள். நன்றாக இருந்ததை வாத்தியார் தன் ஏட்டில் ஏற்றி வைத்துக்கொள்வார்.

அனெஸ்திஸ் நூலகம் என்றும் பாராமல் சிரித்தான். வயிறு வலிக்கச் சிரித்தான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அடி வாங்கின ஒரு பயல், தன் வயசுக்காரன், நிச்சயமாகத் தன் ஜாதிக்காரன், எழுதிப் போட்ட ஒரு வரி உலகத்தில் இருக்கிற அத்தனை பேராசிரியர்களையும் ஏமாற்றியிருக்கிறது. லிஃப்ட் கதவில் ஒட்டிய தாள் ஏழு வீட்டைத் தாண்டவில்லை. லேயோன் எங்கே, இவன் எங்கே. நான்காவது மாடிக்கு ஒரே மூச்சில் ஏறி இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் டீச்சரம்மா முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே படகேறினான்.

படகு பாதி வழி போனதும்தான் அந்த முகம் நிஜமாகக் கண்ணில் வந்தது.

அதற்குப் பிறகு அவனால் உட்கார முடியவில்லை. படகின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்தான், திரும்ப நடந்தான். பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த யாத்ரீகர்கள் காலை மடக்கி மடக்கி வழி விட்டார்கள். படகுக்காரன் ஒருவன், வயித்துக் கோளாறா தம்பி என்று கேட்டான். தெசலோனிகியிலிருந்து ஏதென்ஸ் வரை பஸ்ஸில் நடக்க முடியாது. முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தான். நானூறு பக்கம். ஏழு தடவை படகு. காற்றென்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை. கல்லிதேமோஸ் அவருக்கு வெறும் ஆராய்ச்சி இல்லை, சொந்தக்காரர் என்பது அந்தக் கட்டடத்தில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தச் சொந்தக்காரரைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு அடி வாங்கின பயலைக் கையில் கொடுக்கவா இவ்வளவு தூரம் போய் வந்தான்?

அக்டோபரில் கிளேயார்கோஸ் போவார், பார்ப்பார் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. அக்டோபர் அவனுக்குத் தூரமாக இருந்தது. எழுபது நாளில் ஒரு சுவடிக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். எலி இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். அவன் தன் தாளைச் சமையலறை மேசையில் விரித்து, பக்கத்தில் புதுத் தாள் ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் மறுபடி வரைந்தான். எழுத்து, ஓட்டை, கறை, எல்லாம். அந்த ஐந்து வரியைத் தவிர. ஓரத்தைச் சுத்தமாக விட்டான். முதல் தாளை எட்டாக மடித்துப் பின்பாக்கெட்டில் சொருகினான். கிழிக்கத்தான் நினைத்தான். லேயோனை நினைத்துக் கிழிக்கவில்லை. இதுவரை எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான், எல்லாம் சிரிப்பதற்கு. சிரிப்பு வராத முதல் பொய் இதுதான். மாடிப்படியில் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினான்.

மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. டீச்சரம்மா கையை நீட்டினார். அவன் தாளைக் கொடுத்தான்.

"ஓரத்துல?"

"ஒண்ணுமில்ல. வெத்து."

"புள்ளி? கோடு? மை சிந்தினது?"

"துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு டீச்சரம்மா."

அவர் முகத்தில் எந்தச் சந்தோஷமும் வரவில்லை. தாளோடு ஜன்னலுக்குப் போனார், சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார். துறவி பார்த்தாரா என்று கேட்டார். பார்த்தார் என்றான். என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார் என்றான். அந்தப் பாதி உண்மையாக இருந்ததில் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். பதிப்பகத்துக்குப் போன் செய்யக் கையில் எடுத்தார், நாலு எண்ணை அழுத்தினார், வைத்துவிட்டார். பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலே அச்சுப்படியின் முதல் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டு மறுபடி நடந்தார்.

"கையெழுத்தைப் போட்டுருங்க," என்றான் அனெஸ்திஸ். குரல் அவன் நினைத்ததைவிட மெல்ல வந்தது.

"போடலாம். நீ சொன்னதை நம்பி ஊர் பூரா படிக்கப்போறாங்க. என்னை நம்பி." அவர் பேனாவின் மூடியைத் திருகினார், மறுபடி இறுக்கினார். "முப்பத்தாறு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன். வெத்துன்னு ஒருத்தன் கண்ணால பார்த்துச் சொல்லணும். சொல்லிட்டே. ஆனா கால் நிக்க மாட்டேங்குதே, ஏண்டா?"

நன்றாக வரைந்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டான்.

நன்றாக வரைந்திருந்தான். அதைப் பார்க்கத்தான் அவர் தாளை மறுபடி எடுத்தார். மூலையில் ஒயின் சிந்திய கறை. சொன்னபடியே பென்சிலைச் சாய்த்து, அழுத்தி, பொறுமையாகத் தேய்த்திருந்தான். அவர் அந்த இடத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவன் வந்ததிலிருந்து முதன்முறையாக நடை நின்றது.

"லைப்ரரியில எது மேல வெச்சு இதை எழுதின?"

"மேசை மேல. பலகை மேசை."

"மேல விரிப்பு ஏதாவது?"

"சாமியாருங்க இடத்துல விரிப்பு ஏது டீச்சரம்மா."

அவர் தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். கறைக்குள், பென்சில் தேய்த்த இடம் முழுக்க, குட்டிக் குட்டியாக ரோஜாப் பூக்கள் எழும்பி நின்றன. ஏழு பூ. பூவுக்கும் பூவுக்கும் நடுவில் வலைப்பின்னல். மூன்றாவது மாடிச் சமையலறையில் மரியாந்தி கொடுக்கிற காப்பியைக் குடித்த ஒவ்வொருவரின் முழங்கையிலும் பதிந்திருக்கிற அதே பிளாஸ்டிக் ரோஜா.

"பெட்டைக்கோழியைக்கூட உள்ள விடாத மலைக்கு," என்றார் பொலிக்ஸேனி, "உங்கம்மா மேசைவிரிப்பு மட்டும் எப்படிடா போச்சு?"

அனெஸ்திஸைக் கேட்காமலே அவன் கை பின்பாக்கெட்டுக்குப் போயிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், உள்ளங்கையை நீட்டினார்.

"முதல் தாள்."